இல்லாத அனுபவம்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டால் மக்தபு ஆசிரியருக்கு வேலை கூடிவிடும். மற்ற நாட்களில் மாலையில் மட்டும் ஓத வரும் பிள்ளைகள் விடுமுறையில் காலையிலேயே வந்து நிறைந்துவிடுவார்கள். லுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் ஒன்றே எனக்கென்று மிஞ்சுவது. திருச்சியின் வெயிலில் அந்நேரத்தில் அவசியமின்றி எவரும் வெளியே வருவதில்லை. சென்ற ஏப்ரல் மாதக் கடைசியில் அத்தகையதொரு வேளையில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார்.

தாயார்தாம் பேசினார். மகன் பி.ஏ. வரலாறு இறுதித் தேர்வு எழுதி முடித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்த தகப்பனார், முழங்கால் வலியால் நாளெல்லாம் நிற்க இயலாமல் வீட்டோடு இருக்கிறார். இளையவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும்.

"வெப் டெவலப்மென்ட் படித்தால் உடனே வேலை கிடைக்குமாம், ஹஜ்ரத். மூன்று மாதப் படிப்பு. மொத்தம் 40,000 ரூபாய். முதல் தவணை 15,000. வேலைக்கு அவர்களே உத்தரவாதம் தருகிறார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் கலைப் பட்டதாரி. தமிழ் இலக்கியம் படித்தவன். கைப்பேசியில் செய்தி அனுப்புவதற்கு மேல் எனக்கு இத்துறையில் எதுவும் தெரியாது. தெரியாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நம்மைத் தேடி வந்து கேட்கிறார்களே, ஏதேனும் ஒரு விடை கூறியாக வேண்டுமே என்கிற எண்ணம் எங்களைப் போன்றோரிடம் உண்டு. "கல்விக்குச் செய்யும் செலவு வீண்போகாது. சேர்த்துவிடுங்கள்" என்றேன். வட்டிக்கு அடகு வைக்க மனமில்லாத அத்தாயார், மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த கம்மலை விற்று முதல் தவணையைக் கட்டினார். இதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

இரண்டு வாரங்கள் கழித்து அந்தப் பிள்ளை தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. பயிற்சி நிலையத்தில் அன்று எல்லோரையும் அமர்த்தி பயோடேட்டா எழுதக் கற்றுக் கொடுத்தார்களாம். அதில் 'இரண்டாண்டு அனுபவம்' என்று எழுதச் சொன்னார்களாம். அதற்குச் சான்றாக ஒரு கம்பெனியின் கடிதமும் தருவார்களாம். அதற்கு 10,000 ரூபாய் தனி.

"எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம், ஹஜ்ரத். எழுதாவிட்டால் நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்களாம். வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். எழுதட்டுமா?"

"அந்த இரண்டாண்டுகளும் நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டேன்.

"காலேஜில் அக்பரையும் அவுரங்கசீப்பையும் படித்துக்கொண்டிருந்தேன்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போயிற்று.

"உனக்கு வேலை கொடுப்பவர் உன் சொல்லை நம்பித்தான் சம்பளம் கொடுப்பார். முதல் நாளே அந்தச் சொல் பொய்யாகிவிட்டால் பிறகு மாதந்தோறும் எதை வாங்கி வருவாய்? எழுதாதே" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே நிலையத்திலிருந்து நின்றுவிட்டார். கட்டிய பணம் திரும்பவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பொய் எழுதாதே என்று சொல்வது எனக்கு எளிது. அதனால் காலியாகப் போவது என் வீட்டு அடுப்பன்று. முதல் தவணையைக் கட்டச் சொன்னவனும் நானே. ஆகவே, விடுமுறை முடிவதற்குள் இந்தப் படிப்பு என்னவென்று நானும் அவரோடு உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் அதற்கானது.

வலைப்பக்கம் என்பது என்ன?

முதலில் அதன் வரலாற்றைத் தேடினோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் 'செர்ன்' என்னும் அணு ஆய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், பல நாட்டு ஆய்வாளர்களும் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கென 1989-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதுவே வலைத்தளங்களின் தொடக்கம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் அந்நுட்பத்தை உலகத்தார் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. இதைப் படித்தபோது அந்தப் பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சும்மா கொடுத்ததையா ஹஜ்ரத் நாம் நாற்பதாயிரத்துக்கு வாங்கப் போனோம்?" என்றார்.

கற்பிப்பவர் தம் உழைப்புக்கு ஊதியம் பெறுவதில் தவறில்லை. நானும் அப்படி வாழ்பவன்தான். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூரில் இத்தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் இங்கே தருகிறேன். வீட்டிலிருக்கும் தாய்மார்களும் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு நிக்காஹ் அழைப்பிதழை எண்ணிப் பாருங்கள். மணமக்கள் பெயர், தேதி, இடம், அழைப்போர் பெயர்கள் என ஒவ்வொன்றும் அதில் தனித்தனிப் பகுதி. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது படம் என்று அப்பகுதிகளைக் கணினிக்கு இனம் பிரித்துக் காட்டும் குறியீட்டு முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். பெயர் எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக, ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டு நிற்க வேண்டும் என்று அச்சகத்தார் தீர்மானிப்பதைப் போன்றது சி.எஸ்.எஸ். அழைப்பிதழ் அச்சானபின் பேசாது. வலைப்பக்கமோ, நாம் ஒரு பொத்தானைத் தொட்டால் கணக்குப் போடும், விடுபட்டதைக் கேட்கும். அந்தச் செயலைத் தருவது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. இம்மூன்றும்தாம் அடிப்படை, மற்றவை இவற்றின் மேல் எழுபவை.

அவருடைய பெரியம்மா மகளிடம் தமிழக அரசு தந்த விலையில்லா மடிக்கணினி ஒன்று கிடந்தது. மின்கலம் செத்துப்போனது, கம்பியைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில்தான் கற்றார். பாடங்களுக்குக் குறைவில்லை. 'கணியம்' குழுவினர் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் இத்தகைய நூல்களைத் தமிழிலேயே எழுதி, எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 2014 முதல் 'ஃப்ரீகோட்கேம்ப்' என்னும் அமைப்பு பயிற்சிகளை வரிசைப்படுத்திக் கட்டணமின்றித் தருகிறது. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளமும் உண்டு. தமிழில் ஒரு முறை படித்துப் பொருள் தெரிந்துகொண்டு, பின் ஆங்கிலத்தில் அதே பாடத்தைப் படிப்பது அவருடைய வழக்கமாயிற்று.

அதிராம்பட்டினத்தார் ஒருவர்

கற்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அவருக்கு ஐயம் வந்தது. "நான் வரலாறு படித்தவன். இது என்ஜினீயர்களுக்கு உரியதல்லவா?"

அப்போதுதான் உமர் தம்பியைப் பற்றிச் சொன்னேன். நம் வீடுகளில் பலருக்கு அவரைத் தெரியாது என்பது வருத்தத்துக்குரியது. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர், 1953-இல் பிறந்தவர். பிழைப்புக்காகத் துபாய் சென்ற ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவர். மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் தொழிலிலிருந்து கணினிக்கு வந்தார்; கணினி நுட்பத்தைத் தாமே முயன்று கற்றார்.

அந்நாளில் இணையத்தில் தமிழ் இருந்தும் இல்லாதது போலிருந்தது. ஒவ்வொரு தளத்தாரும் ஒவ்வோர் எழுத்து முறையை வைத்திருந்தனர். ஒருவருடைய எழுத்துருவை நம் கணினியில் இறக்கி வைத்தால்தான் அவர் எழுதியதைப் படிக்க இயலும். இல்லையேல் பூச்சி பூச்சியாகக் குறிகளே தெரியும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும் அதைக் காட்டும் வசதி அக்காலக் கணினிகள் பலவற்றில் இல்லை. உமர் தம்பி 'தேனீ' என்னும் எழுத்துருவை உருவாக்கினார். பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் உடன் இறங்கிவிடும். படிப்பவர் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்கள் பலரின் பக்கங்கள் அதனால்தான் வாசிக்கத்தக்கவையாயின. ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்துகளை மாற்றும் கருவிகளையும் செய்தார். எதற்கும் அவர் விலை வைக்கவில்லை. 2006-இல் காலமானார். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

காவிரிக்கு அக்கரையிலும் ஒரு சான்று உண்டு. திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர் ரங்கராஜன் என்ற எழுத்தாளர் சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். கணினி என்ற சொல்லைக் கேட்டாலே மிரண்ட தமிழ் வீடுகளுக்கு அதைக் கதைபோல விளக்கியவர். அவர் பொறியியல் படித்தவர். ஆனால் எழுதியது நம்மைப் போன்றோருக்காக.

"உமர் தம்பி யாரிடம் அனுபவச் சான்றிதழ் வாங்கினார், ஹஜ்ரத்?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. அதற்குப் பின் அந்த ஐயம் எழவில்லை.

திருவரங்கத்து அப்பளக் கடை

நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம் பாடம். முற்பகல் வேலை தேடல். தமிழக அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையத்தில் பதிந்தார். வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்கும் போனார். தில்லைநகரில் படியேறி இறங்கினார். பிற்பகல் என்னோடு உட்கார்ந்து, காலையில் படித்ததைத் தம் கையால் செய்து பார்ப்பார். நான் ஓதுவித்த பிள்ளை எனக்குப் பாடம் சொல்லும் நிலை வந்தது. கூச்சமாகத்தான் இருந்தது, ஆயினும் பிறருக்கு விளக்கும்போது அவருக்கே தெளிவு பிறப்பதைக் கண்டேன்.

ஜூன் மாதம், திருவரங்கம் உத்திர வீதியில் வீட்டிலேயே அப்பளமும் வடகமும் ஊறுகாயும் செய்து விற்கும் முதிய அம்மையார் ஒருவருக்குப் பக்கம் அமைக்கும் வாய்ப்பு வந்தது. அவருடைய மகன் அந்தப் பிள்ளையின் கல்லூரித் தோழர். வெளியூர்களிலிருந்து கேட்போருக்கு விலைப்பட்டியலை ஒவ்வொரு முறையும் தட்டி அனுப்ப வேண்டியிருந்ததாம். "நம் பிள்ளைதானே, செய்யட்டும். பிடித்தால் காசு தருகிறேன்" என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

ஒரு வாரத்தில் பக்கம் ஆயிற்று. மடிக்கணினியில் அழகாகத்தான் இருந்தது. சத்திரத்தில் பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து போய்க் காட்டினார். அம்மையார் தம் கைப்பேசியில் திறந்தார். நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு எறும்பு ஊர்வது போல எழுத்துகள் தெரிந்தன. "என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே, அப்பா!" என்றார் அம்மையார். அவர் மருமகள் சற்றுத் தாராளமாகப் பார்த்து, 60 ரூபாய் அப்பளமும் 45 ரூபாய் வடகமும் தேர்ந்தெடுத்தார். மொத்தம் 6045 ரூபாய் என்று காட்டியது பக்கம்!

அன்று மாலை அவர் மிகவும் சோர்ந்து திரும்பினார். கூட்டல் கணக்குப் பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கி, படித்துப் பாராமல் ஒட்டியதை ஒப்புக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகத் தேடினார். படிவத்திலிருந்து வரும் 60-ஐயும் 45-ஐயும் ஜாவாஸ்கிரிப்ட் எண்களாகக் கொள்ளாமல் எழுத்துகளாகக் கொண்டு பக்கத்தில் பக்கம் வைத்திருந்தது. இவை எண்கள் என்று சொல்லிக் கொடுத்தவுடன் 105 வந்தது. எழுத்து சிறுத்ததற்குக் காரணம், திரையின் அகலத்துக்கேற்ப அமைத்துக்கொள் என்று உலாவிக்குச் சொல்லும் ஒரே ஒரு வரி விடுபட்டது. அந்த வரி இல்லாவிட்டால் கைப்பேசி அதைக் கணினிக்குரிய பக்கமெனக் கருதிச் சுருக்கிவிடும். நெடுநேரம் சுற்றியதற்குக் காரணம் படங்கள்: கைப்பேசியில் எடுத்த 12 படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மெகாபைட். அவற்றைச் சிறிதாக்கியதும் பக்கம் உடனே திறந்தது.

இதற்கெல்லாம் நான்கு நாட்கள் ஆயின. ஐந்தாம் நாள் அம்மையார் கண்ணாடி போடாமலே விலையைப் படித்தார். 3,000 ரூபாயும் ஒரு பொட்டலம் மிளகு அப்பளமும் கொடுத்தனுப்பினார். அப்பளம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பணம் அப்படியே தாயார் கைக்குப் போயிற்று.

நேர்காணல்

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஓரிடத்தில் அனுபவம் இல்லை என்று பயோடேட்டாவைத் திருப்பித் தந்தார்கள். இன்னோரிடத்தில் மூன்றாண்டு கையொப்பம் கேட்டார்கள். அசல் சான்றிதழ்களையும் கேட்டார்கள். அவர் கொடுக்காமல் வந்துவிட்டார். அந்நாட்களில் அவர் தாயார் என்னைப் பார்த்தால் ஸலாம் சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். பொய் எழுதாதே என்று நான் சொன்னது அவ்வீட்டில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் இடம், ஏழு பேர் மட்டுமே வேலை பார்க்கும் சிறிய அலுவலகம். "அனுபவம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். "இரண்டு மாதமாகக் கற்கிறேன். ஒரே ஒரு கடைக்குப் பக்கம் செய்திருக்கிறேன்" என்று சொல்லித் திறந்து காட்டியிருக்கிறார். "இதில் எங்கே தடுமாறினீர்கள்?" என்று கேட்டார்களாம். 6045 ரூபாய்க் கதையைச் சொன்னாராம். அவர்கள் சிரித்துவிட்டு, அந்த வரியைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னார்களாம். எழுதிக் காட்டினார். மூன்று மாதத் தகுதிகாண் பருவம், மாதம் 12,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய சம்பளமன்று. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் முதல் பருவத்தை ஜமாஅத்தின் வட்டியில்லாக் கடனில் கட்டியிருக்கிறார்கள். கம்மல் இன்னும் வாங்கவில்லை. தகுதிகாண் பருவம் முடிந்தபின் என்னவாகும் என்பதும் தெரியாது. இன்று பக்கங்களைக் கருவிகளே எழுதித் தருகின்றன. ஆகவே தொடக்க நிலை வேலைகள் எளிதில் கிடைப்பதில்லை. மூன்று மாதத்தில் வாழ்வு மாறும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கருவி எழுதித் தந்ததில் பிழை எங்கே என்று காட்டத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. அந்த அறிவு கைப்பட உழன்றவருக்கே வரும்.

அன்புப் பெற்றோர்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுக்கும் இத்தகைய விளம்பரம் வரும். பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு இங்கே படித்தவர்களுள் இருவரையேனும் சந்திக்க விடுவார்களா? உத்தரவாதத்தை எழுத்தில் தருவார்களா? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும்? அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? பிள்ளை தன் கையால் எத்தனை பக்கங்கள் செய்வான்? பணம் கட்டுமுன் ஒரு மாதம் இலவசப் பாடங்களைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஆர்வம் நின்றால் பணம் செலவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். வீட்டிலிருந்தபடியே கற்று வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில் இது.

என்னைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் காட்டி அனுப்புவோம். நான் அன்று அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு பெண் பிள்ளையின் காதில் கம்மல் இருந்திருக்கும்.

சென்ற வாரம் அந்தத் தாயார் மக்தபு வாசலில் நின்று ஸலாம் சொன்னார். இம்முறை பேசாமல் போகவில்லை. "உங்கள் பெயருக்கும் ஒரு பக்கம் செய்து தருவானாம், ஹஜ்ரத். என்ன எழுதுவது என்று கேட்கிறான்" என்றார்.

'மாணவர்' என்று எழுதச் சொன்னேன்.